மக்குப் பரீட்சை

அவளுக்கு முதுகிலும் கண் இருக்கிறது என்று முதன்முதலில் சொன்னவள் அவளுடைய அம்மா. பாராட்டிச் சொல்லவில்லை, எரிச்சலில் சொன்னாள். பெரிய மகள் சர்க்கரை டப்பாவுக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தாள். கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று அம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு, பூனை மாதிரி அடியெடுத்து வந்தாள். காதைப் பிடிக்கக் கை நீட்டிய நேரம் பார்த்து, அந்தக் குட்டி திரும்பிக்கூடப் பார்க்காமல், "அம்மா, உனக்கும் கொஞ்சம் வேணுமா?" என்று கேட்டது.

"சனியனே, உனக்கு என்ன முதுகுலயும் கண்ணா இருக்கு?" என்றாள் அம்மா. கோபம் வந்த வேகத்திலேயே சிரிப்பும் வந்துவிட்டது.

அவர்கள் வீடு மூன்றாவது மாடியில், நீளமான நடையின் கடைசியில் இருந்தது. இரண்டு அறை, ஒரு சமையலறை. அம்மா ஒரு சலவை நிலையத்தில் இஸ்திரி போடுபவள். அப்பா பேருந்து நிலையத்தின் படிக்கட்டுக்கு அடியில் சின்னக் கடை வைத்துச் சாவி செய்பவர். நாள் முழுக்க இயந்திரம் இரும்பைக் கடிக்கிற சத்தத்தைக் கேட்டுக் கேட்டு, அவருக்கு வீட்டில் சத்தம் என்றாலே ஆகாது. கடைச் சாவிக் கொத்தை வாசல் ஆணியில் மாட்டிவிட்டு, நிழல் நுழைகிற மாதிரி உள்ளே நுழைவார். அப்படி நுழைந்து, மகளின் முதுகைத் தொட்டுவிட்டால் ஜெயம் என்று ஒரு விளையாட்டை அவர்தான் கண்டுபிடித்தார். அம்மா முயற்சி செய்தாள், தங்கை கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று முயற்சி செய்தாள், விருந்துக்கு வந்த சித்தப்பா கூடச் சட்டை கசங்கத் தரையில் தவழ்ந்து பார்த்தார். ஒருவரும் ஜெயித்ததில்லை. கை முதுகுக்குப் பக்கத்தில் வரும்போது, "அப்பா, போங்கப்பா" என்று சொல்லிவிடுவாள்.

"எப்படிடி தெரியுது?" என்று ஒருநாள் அப்பா கேட்டார்.

"இந்த ரூம் என் மண்டைக்குள்ளயும் இருக்குப்பா. நீங்க நகர்ந்தா அதுக்குள்ள நீங்களும் நகர்றீங்க."

"மண்டைக்குள்ளயே வீடு கட்டிட்டா. இனி வாடகை மிச்சம்," என்றார் அப்பா அம்மாவைப் பார்த்து.

கால்பந்தில் கோல் போடுகிறவளை ஊருக்கே தெரியும். கோல் விடுகிறவளை அதைவிட நன்றாகத் தெரியும். நடுக்களத்தில் ஆடுகிற மிட்ஃபீல்டரைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. அவளுக்குப் பந்து வருவது பெரும்பாலும் அவள் முதுகு காட்டி நிற்கும்போதுதான். பந்து வந்த பிறகு திரும்பிப் பார்த்தால் கதை முடிந்தது, பின்னாலிருந்து எவளாவது பறித்துக்கொண்டு போய்விடுவாள். வருவதற்கு முன்பே தோளுக்கு மேலாக ஒரு பார்வை பார்த்து, யார் எங்கே நிற்கிறாள், யார் எங்கே ஓடப்போகிறாள் என்று மொத்தப் படத்தையும் தலைக்குள் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். மற்ற பெண்கள் இதை வருஷக்கணக்கில் பழகுவார்கள். இவள் பிறக்கும்போதே கொண்டுவந்திருந்தாள். பள்ளி அணி, மாவட்ட அணி என்று போய், இருபது வயசுக்கு முன்பே ஒரு தொழில்முறை கிளப்பில் ஒப்பந்தம் போட்டுவிட்டாள்.

அப்பா அவளுடைய ஆட்டம் இருக்கும் நாட்களில் கடையைப் பூட்டிவிட்டு மைதானத்தின் ஓரத்து வரிசையில் போய் உட்கார்வார். பந்தைப் பார்க்கவே மாட்டார். மகளின் கழுத்தைத்தான் பார்ப்பார். கழுத்து ஒரு வெட்டு வெட்டித் திரும்பும், பந்து வரும், பார்க்காமலே இடப்பக்கம் முப்பது அடி தள்ளி ஓடுகிறவளின் காலடியில் அதைக் கொண்டுபோய் வைப்பாள். அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் கோல் போட்டவளுக்குக் கை தட்டும்போது, இவர் மட்டும் கோலுக்குச் சற்று முன்னாலேயே தட்டி முடித்திருப்பார்.

கிளப் விடுதியில் அவளுடைய அறைத்தோழி கோல்கீப்பர். ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு, தோளோ அலமாரி அகலம். அணியில் அவளுக்குப் பெயர் கதவு. அம்மா வைத்த முதுகுக்கண் பட்டம் எப்படியோ அங்கேயும் போய்ச் சேர்ந்து, அதில் பாதி தேய்ந்து, இவளுக்கு முதுகு என்றே பெயராகிவிட்டது. கதவும் முதுகும் ஒரே அறையில் இருந்தால் அந்த அறையில் யார்தான் வாழ்வது என்று மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள்.

இனிச் சொல்லப்போவதுதான் விஷயம். ஒவ்வொரு சீசனும் தொடங்குவதற்கு முன்னால், ஆட்டக்காரிகள் ஒவ்வொருவராக டாக்டர் அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டும். திரையில் சில வார்த்தைகள் வந்து மறையும், ஞாபகம் வைத்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். சில கோலங்கள் வரும், கொஞ்ச நேரம் கழித்து எது வந்தது, எது வரவில்லை என்று பொறுக்க வேண்டும். வட்டம் நிறம் மாறியதும் பட்டனை அழுத்த வேண்டும். அடிபடாத மூளையின் அளவு அது. பின்னால் தலையில் அடிபட்டால் அதே பரீட்சையை மறுபடி வைப்பார்கள். பழைய மதிப்பெண்ணைவிடக் குறைந்தால் ஓய்வு, குறையாவிட்டால் ஆடலாம்.

ஓய்வு என்றால் நமக்கெல்லாம் காலை நீட்டிப் படுக்கத் தோன்றும். அவர்களுக்கு அது தண்டனை. ஓய்வில் இருப்பவளின் இடத்தில் இன்னொருத்தி இறங்குவாள். அவள் நன்றாக ஆடிவிட்டால் இடம் போயிற்று, இடம் போனால் அடுத்த ஒப்பந்தமும் போயிற்று. ஆகவே எந்தக் காலத்திலோ எவளோ ஒரு புத்திசாலி ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள். சீசன் தொடக்கத்திலேயே வேண்டுமென்றே மோசமாக எழுதிவிடு. பின்னால் அடிபட்டாலும் அதற்குக் கீழே போகாது. அணியில் எல்லோரும் இதைத்தான் செய்தார்கள். அந்தப் பரீட்சைக்கு மக்குப் பரீட்சை என்றே பெயர்.

"ரொம்பவும் மக்கா இருந்துடாதே," என்று கதவு அவளை முதல் தடவை அனுப்பும்போது எச்சரித்தாள். "மெஷினுக்குச் சந்தேகம் வந்து மறுபடி எழுதச் சொல்லும். சுமாரான மக்கா இரு."

"சுமாரான மக்குன்னா எப்படி?"

"நம்ம கோச் மாதிரி."

அவள் உட்கார்ந்தாள். திரையில் வந்த வார்த்தைகள் ஒன்றுவிடாமல் தலைக்குள் வரிசையாக நின்றன. கோலங்கள் எல்லாம் நின்றன. எதைச் சொல்வது, எதை விடுவது, எந்த வட்டத்துக்குத் தாமதமாக அழுத்துவது என்று கணக்குப் போட்டு, சந்தேகம் வராத அளவுக்குத் தப்பும் தவறுமாகச் செய்து முடித்தாள். அதற்குத்தான் மூளை நிறைய வேண்டியிருந்தது. அணி டாக்டர் ஒரு பெரியவர், யார் அவர் அறைக்குப் போனாலும் கையில் ஒரு புதினா மிட்டாயைத் திணித்துவிடுவார், அதனால் மிட்டாய் டாக்டர். அவர் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லம்மா. மூளை கால்ல இருக்கில்ல, அது போதும்," என்று ஆறுதல் சொல்லி இரண்டு மிட்டாய் கொடுத்தார். வெளியே நடையில் கதவும் அவளும் சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டு, அதற்கு மிட்டாயும் வாங்கிச் சாப்பிட்டாள் அந்தப் பெண்.

மூன்றாவது சீசனில் ஒரு கார்னர். பந்துக்கு இவளும் எதிரணிப் பெண் ஒருத்தியும் சேர்ந்து எகிறினார்கள். பந்து இருவருக்கும் கிடைக்கவில்லை, இரண்டு மண்டையும் மோதின. எழுந்து நின்று, "எத்தனைக்கு எத்தனை?" என்று கேட்டாள். சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் மறுபடி அதையே கேட்டாள். அப்போதும் எல்லோரும் சிரித்தார்கள். பரீட்சை வைத்தபோது வார்த்தைகள் தண்ணீரில் மிதப்பதுபோல ஆடின. இந்தத் தடவை அவள் எதையும் வேண்டுமென்று விடவில்லை. முடிந்ததையெல்லாம் சொன்னாள். அதுவே பழைய மதிப்பெண்ணைவிட ஒரு பிடி கூட இருந்தது.

"அடிபட்டதும் புத்தி கூடிடுச்சே," என்றார் மிட்டாய் டாக்டர். "போ, போய் ஆடு."

ஆடினாள். தலைக்குள் மந்தமாக ஒரு வலி இருந்துகொண்டே இருந்தது, அதை யாரிடமும் சொல்லவில்லை. சில வாரங்கள் கழித்து, கைக்கெட்டும் தூரத்திலிருந்து எவளோ உதைத்த பந்து நெற்றிப்பொட்டில் அறைந்தது. மறுபடி பரீட்சை, மறுபடி மிட்டாய். அதற்கடுத்த அடி பயிற்சியின்போது, மல்லாக்க விழுந்து பின்மண்டையில் பட்டது. அதை அவள் டாக்டரிடம் போய்ச் சொல்லவே இல்லை. எப்படியும் பாஸ்தானே.

அதற்குப் பிறகுதான் படம் அழியத் தொடங்கியது. தோளுக்கு மேலாகப் பார்ப்பாள். எல்லாம் தெரியும். முகத்தைப் பந்தின் பக்கம் திருப்புவாள், பார்த்தது போயிருக்கும். சிலேட்டை ஈரத்துணியால் துடைத்த மாதிரி வெறுமையாக இருக்கும். முதலில் தூக்கம் போதவில்லை என்று நினைத்தாள். பிறகு, அடிக்கடி பார்த்தால் சரியாகிவிடும் என்று நினைத்து, ஒரு தடவை பார்த்த இடத்தில் நான்கு தடவை பார்த்தாள். பயிற்சியாளர் அதைக் காட்டி மற்றவர்களிடம், "இவளைப் பாருங்க, எவ்வளவு உழைக்கிறா," என்றார். அதைக் கேட்டு அவளுக்குப் பயம் வந்துவிட்டது. முன்பெல்லாம் அவள் உழைத்ததே இல்லை.

சொந்த மைதானத்தில் நடந்த ஆட்டம் ஒன்றில், கதவு உருட்டிவிட்ட பந்தை வாங்கித் திரும்பினாள். திரும்பிய இடத்தில் எதிரணியின் குள்ளப் பெண் ஒருத்தி நின்றிருந்தாள். அவளைத் தோளுக்கு மேலாகப் பார்த்தது இவளுக்கு நன்றாகவே நினைவிருந்தது. எங்கே பார்த்தோம் என்பதுதான் நினைவில்லை. பந்தைப் பறித்துக்கொண்டு போய் அந்தப் பெண் கோல் போட்டாள். அரங்கத்தில் யாரோ, "முதுகுல இருந்த கண்ணு அவிஞ்சு போச்சா?" என்று கத்தினான், நிறையப் பேர் சிரித்தார்கள். ஓரத்து வரிசையில் அப்பா சிரித்தவர்களைப் பார்க்கவில்லை. அவர் அன்று முழுக்க அவள் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முடிந்து வெளியே வந்தபோது, "கழுத்து வலிக்குதா பாப்பா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லப்பா."

"நிறையத் திருப்புன மாதிரி இருந்துச்சு," என்றார். பஸ் நிறுத்தம் வரை கூடவே நடந்தார்.

அடுத்தடுத்து அதே மாதிரி நடந்தது. பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பிறகு பெஞ்சிலும் இடம் இல்லை. கிளப் செயலாளர் கூப்பிட்டு, சீசன் முடிந்ததும் ஒப்பந்தத்தை நீட்டுவதாக இல்லை என்று சொன்னார். ஆட்டம் சரிந்துவிட்டது, அவ்வளவுதான் காரணம் என்றார். அவள் மிட்டாய் டாக்டரிடம் ஓடினாள். ஆட்டம் போகவில்லை, தலையில் ஏதோ போய்விட்டது என்று உடைத்துச் சொன்னாள். அவர் பொறுமையாகப் பரீட்சை வைத்தார். மதிப்பெண் தொடக்கத்தில் இருந்த அதே இடத்தில் நின்றது.

"உனக்கு ஒண்ணும் இல்லம்மா. எப்பவும் போலத்தான் இருக்கே. மனசைப் போட்டுக் குழப்பிக்காதே," என்றார். அவர் கெட்டவர் இல்லை. கையில் இருந்ததை வைத்துச் சொன்னார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஆடும்போது அடிபட்டது என்று லீக்கின் மருத்துவக் குழு எழுதிக் கொடுத்தால், குணமாகும் வரை அவளுடைய இடத்தைக் கிளப் வைத்திருந்தே ஆக வேண்டும், பெரிய மருத்துவமனையில் வைத்தியமும் பார்க்க வேண்டும். ஆட்டம் சரிந்தது என்றால் தண்ணீர் தெளித்து விட்டுவிடலாம். அவளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வாக்கியம். அடிபட்டது. அந்த வாக்கியத்தில் அவளுடைய தொழில் மட்டும் தொங்கவில்லை. அது இல்லையென்றால், அவள் எப்போதுமே இவ்வளவுதான் என்று ஆகிவிடும்.

விடுதியைக் காலி செய்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். வந்த முதல் வாரம் சமையலறையில் நின்று எதையோ நறுக்கிக்கொண்டிருந்தபோது, கொதிக்கிற தண்ணீரோடு அம்மா பின்னால் வந்து நின்றிருக்கிறாள். இவள் திடுக்கிட்டுத் திரும்பியதில் முழங்கை பாத்திரத்தில் இடித்து, வெந்நீர் அம்மாவின் மணிக்கட்டில் கொட்டிவிட்டது.

"ஏம்மா சொல்லாம வந்து நிக்கிற?" என்று கத்தினாள்.

"என் தப்புதான். விடு, விடு, ஒண்ணும் இல்ல," என்றாள் அம்மா, கையைக் குழாயில் காட்டிக்கொண்டே.

வெளிச்சம் கண்ணைக் குத்தியது. ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தால் கதவுப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டே இருக்க வேண்டியிருந்தது, கதவைப் பார்த்து உட்கார்ந்தால் ஜன்னல். வீடும் முன்னைப் போல இல்லை. அம்மாவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது, சலவை நிலையத்து நீராவிதான் காரணம் என்று இவளாக முடிவு செய்துகொண்டாள். கூரியர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்த தங்கை, வீட்டுக்குள்ளேயே செருப்பைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு நடந்தாள். அப்பா சாவிக் கொத்தை வாசல் ஆணியில் மாட்ட மறந்து, இடுப்பில் தொங்கவிட்டபடியே வீடெல்லாம் கலகலவென்று திரிந்தார். வயசாகிறது, மறக்கிறார், மறதி குடும்ப வியாதி போலிருக்கிறது என்று கசப்பாக நினைத்துக்கொண்டாள்.

மருத்துவக் குழுவின் தலைவி ஒரு பெண் டாக்டர். கண்ணாடியைத் தலைமுடிக்கு மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு, அதைத் தேடி மேசையைத் துழாவுகிற வகை. தங்கை லீவு போட்டுவிட்டுத் துணைக்கு வந்திருந்தாள். அங்கேயும் பரீட்சை. டாக்டர் பழைய மதிப்பெண்ணையும் புதியதையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணாத்தாம்மா இருக்கு. எதை இழந்தீங்கன்னு சொல்றீங்க?"

அவள் சொல்லிவிட்டாள். வேறு வழி இல்லை. வருஷா வருஷம் வேண்டுமென்றே தப்பாக எழுதியதைச் சொன்னாள், ஏன் எழுதினாள் என்றும், அணியில் எல்லோரும் அப்படித்தான் என்றும் சொன்னாள். தங்கைக்கு இது புதுச் செய்தி. அவள் அக்காவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். "சரி. அன்னைக்கு வேணும்னே தப்பா எழுதினீங்கன்னு நம்புறேன்னு வச்சுக்கோங்க. இன்னைக்கும் வேணும்னே தப்பா எழுதலைன்னு நான் எப்படிம்மா நம்புறது?"

அதில் நக்கல் இல்லை. உண்மையாகவே கேட்டார்.  அவள் திரையில் பக்கத்தில் பக்கத்தில் நின்ற இரண்டு மதிப்பெண்களையும் பார்த்தாள்.

"எல்லாரும் இப்படித்தான் எழுதுறாங்கன்னு சொல்றீங்கல்ல," என்றார் டாக்டர் கொஞ்சம் இறங்கிவந்து. "உங்க டீம்லேருந்து ஒருத்தர் வந்து அதைச் சொல்லட்டும். ஒரே ஒருத்தர் போதும். நான் பழைய மதிப்பெண்ணைத் தள்ளி வச்சுட்டு, ஸ்கேன்லேருந்து புதுசா எல்லாம் பாக்கச் சொல்றேன்."

பஸ்ஸில் வரும்போது தங்கை, "சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிட்டியேக்கா," என்றாள். சொல்லிவிட்டு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, இறங்கும் வரை விடவில்லை.

ஒரே ஒருத்தர் என்றால் கதவுதான். மறுநாளே மைதானத்துக்குப் போனாள். பயிற்சி முடிந்து, பின்பக்கக் குழாயடியில் கதவு பூட்ஸில் ஒட்டியிருந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. விஷயத்தைக் கேட்கக் கேட்க, சுரண்டுவது நின்றது. குழாய்த் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"நான் போய்ச் சொன்னா என்ன ஆகும் தெரியும்ல?" என்றாள் கதவு. "எல்லாருக்கும் மறுபடி பரீட்சை வைப்பாங்க. கண்ணு முன்னாடி உக்காந்து வைப்பாங்க. பாதிப் பேர் வெளிய."

"தெரியும்."

"நான் முதல் ஆளா வெளிய. போஸ்ட்ல எத்தனை தடவை மண்டையை இடிச்சிருக்கேன்னு உனக்குத் தெரியாததா? ராத்திரி எந்திரிச்சு பாத்ரூம் எந்தப் பக்கம்னு நான் நின்னுக்கிட்டிருந்தப்போ நீதானே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனே."

அவளுக்கு அது ஞாபகம் இருந்தது. அப்போது அதற்கும் இருவரும் சிரித்தார்கள்.

"என் சம்பளத்துலதான் எங்க வீடு நடக்குது," என்றாள் கதவு. "நீ கேக்காம இருந்திருக்கலாம். இப்ப நான் முடியாதுன்னு சொன்னவளா ஆயிட்டேன்."

"நானா இருந்தாலும் வந்திருக்க மாட்டேன்," என்றாள் அவள். சமாதானத்துக்காகச் சொல்லவில்லை, அது உண்மை. கதவு குனிந்து மறுபடி சேற்றைச் சுரண்டத் தொடங்கினாள். சுத்தமான பூட்ஸைத்தான் சுரண்டிக்கொண்டிருந்தாள். இவள் கிளம்பினாள். போகிற வழியில், தெரிந்த மைதானத்தின் வெளிவாசல் எந்தப் பக்கம் என்று ஒரு கணம் தடுமாறி, காவலாளியிடம் கேட்டுப் போனாள்.

மருத்துவக் குழு முடிவைச் சொல்ல ஒரு மத்தியானம் கூப்பிட்டது. வித்தியாசம் இல்லை, சொல்வதற்கும் யாரும் வரவில்லை, அடிபட்டது என்று தன்னால் எழுத முடியாது என்றார் டாக்டர். வருத்தப்பட்டுத்தான் சொன்னார். வருத்தத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது. அதே வாரம் கிளப்பிலிருந்து அவளுடைய அடையாள அட்டையைத் திருப்பித் தரச் சொன்னார்கள். கொடுத்துவிட்டு வந்தாள். இருபத்து நான்கு வயசுக்குள் ஒரு பெண்ணின் தொழில் தொடங்கி முடிந்துவிட்டது, அடிபட்டு முடிந்தது என்று சொல்லிக்கொள்ளக்கூட அவளுக்கு உரிமை இல்லை.

அன்று சாயங்காலம் ஜன்னலைப் பார்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள். தங்கை பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். சமையலறையிலிருந்து இருமல் கேட்டது. இருமிக்கொண்டே அம்மா பின்னால் வந்து, மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு போனாள்.

"இந்த இருமல் விடவே மாட்டேங்குதே," என்றாள் அவள். "என்னைத் தூக்கிக்கிட்டு ஊரெல்லாம் டாக்டரைப் பாத்தோம். நாளைக்கு அம்மாவைக் கூட்டிட்டுப் போகணும்."

தங்கை அடுத்த துணியை எடுத்து மடித்தாள்.

"உன்னைத்தான் சொல்றேன்."

"அம்மாவுக்கு இருமல் எல்லாம் இல்லக்கா."

"இப்பதானே இருமினாங்க."

"உனக்குப் பின்னாடி வரும்போது மட்டும்தான் இருமுவாங்க," என்றாள் தங்கை, கையில் இருந்த துணியைப் பார்த்துக்கொண்டே. "முன்னாடி வந்தா இரும மாட்டாங்க. கையில வெந்நீர் கொட்டினதுலேருந்து அப்படித்தான்."

அவள் தங்கையின் செருப்பைப் பார்த்தாள். வீட்டுக்குள், பாய்க்குப் பக்கத்தில், ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தது. இத்தனை நாள் கேட்ட சத்தங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து அவள் முன்னால் உட்கார்ந்தன. எந்தப் பரீட்சையும் வைக்காமல், எந்த மதிப்பெண்ணையும் பார்க்காமல், இந்த வீடு எப்போதோ கண்டுபிடித்துவிட்டது. கண்டுபிடித்து, அவளிடம் சொல்லாமல், ஆளுக்கொரு சத்தத்தைப் பங்கு போட்டு எடுத்துக்கொண்டது. அவளுக்கு மட்டும்தான் அது தெரியாமல் போயிற்று.

நடையின் கோடியில் சாவிகள் கலகலத்தன. அப்பா வந்துகொண்டிருந்தார். வாசல் ஆணியைத் தாண்டி, சாவிக் கொத்தை மாட்டாமல், உள்ளே வந்தார். அவளுக்குப் பின்னால் நான்கடி தள்ளியே நின்று, கொத்தை இன்னொரு தடவை ஆட்டினார்.

"பாப்பா, நான்தான்."

"அப்பா, சாவியை ஆணியில மாட்டிட்டு வாங்க," என்றாள் அவள், திரும்பாமல்.

"எதுக்கு?"

"ஒரு தடவை. முன்னாடி மாதிரி வாங்க."

அப்பா தங்கையைப் பார்த்தார். தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். கலகலப்பு வாசல் வரை போய் நின்றது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு, அறையை மண்டைக்குள் கொண்டுவரப் பார்த்தாள். பாய் வந்தது, தங்கை வந்தாள், வாசல் வந்தது. வாசலில் அப்பா நின்றார். வரமாட்டார், மனசு கேட்காது, அங்கேயேதான் நிற்கிறார் என்று அவள் உறுதியாக நினைத்தாள். நிற்கட்டும், சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

முதுகில் ஒரு கை பட்டது.

அந்த வீட்டில் அப்பா அந்த விளையாட்டை ஜெயித்தது அதுதான் முதல் தடவை. கையை எடுக்காமல் அப்படியே நின்றார். பிறகு வாசலுக்குப் போய், ஆணியிலிருந்து சாவிக் கொத்தை எடுத்து மறுபடியும் இடுப்பில் மாட்டிக்கொண்டார்.